எந்த விளக்கில் நின்றது

தீனதயாளன் தன் காலர் பின்னும் ஷெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலோரம் நிற்கும் இரும்புத் தூணைப் புறங்கை விரல்களால் ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் நுழைவார். வீட்டில் தூண் கிடையாது. அங்கே ஜன்னல் கம்பி. டிவியைப் போடும் முன்னால், ரேடியோவைத் திருகும் முன்னால், விரல் ஒரு கணம் கம்பிக்குப் போய் வரும்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே கலைமகள் இதைக் கவனித்துவிட்டாள். என்னவென்று கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தவள். கேட்பதைவிடப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சுலபம். முருகனுக்கு வேண்டிக்கொள்ளாமல் தறியில் உட்காராத நெசவுக் குடும்பம் அவருடையது. இதுவும் ஏதோ வேண்டுதலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பல வருடம் கழித்து, ஒரு மார்கழி மாதம் ஷெட்டில் பாலியஸ்டர் நூல் ஓடிக்கொண்டிருந்தபோது, மெஷினில் கை வைத்தவளுக்குச் சுள்ளென்று அடித்தது. அப்போதுதான் அவர் சொன்னார்.

"மொதல்ல தூணைத் தொட்டுட்டு வா. ஒடம்புல சேந்த கரண்டு அதுல எறங்கிப் போயிரும்."

"அப்ப அது சாமிக்கு இல்லீங்களா?"

"சாமிக்கு எதுக்கு என்னோட கரண்டு?"

அதற்குள் ஷெட்டில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்டிபட்டிப் பக்கமிருந்து வந்து ஃபிட்டர் வேலை பார்த்த பொன்னுச்சாமி, முதலாளி தொடுகிறாரே என்று தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அவன் மனைவி மூக்கம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை தூணுக்கு விபூதி பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். தீனதயாளன் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். மனைவியிடம், "தொடறது நல்லதுதான். எதுக்காகத் தொட்டா என்ன, விடு" என்றார்.

மங்கலம் ரோட்டிலிருந்த அந்த ஷெட்டில் டி-ஷர்ட்டுக்கு வேண்டிய காலரும் கைப்பட்டையும் பின்னினார்கள். நீளமான மெஷினின் மேல் ஒரு தலை இடமிருந்து வலம் போகும், வலமிருந்து இடம் வரும். ஓர் ஓட்டத்துக்கு ஒரு வரிசை. வந்து விழுகிற காலர்களை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஊசி விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்ப்பது கலைமகளின் வேலை. கூட மூக்கம்மாளும் உட்காருவாள். பேச்சு முழுக்க மூக்கம்மாளுடையது.

தூணைத் தொடுகிற பழக்கம் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் அவருக்கு வந்தது. பாலிடெக்னிக் முடித்ததும் அந்த மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு மெஷின். இரண்டு பீரோவைச் சேர்த்து நிறுத்தியதுபோல இருக்கும். அந்தக் காலத்தில் அதற்கு மினி கம்ப்யூட்டர் என்று பெயர். முகப்பில் ஒரு வரிசையில் பதினாறு சின்ன விளக்குகள், அவற்றுக்குக் கீழே பதினாறு சுவிட்சுகள். ரூமுக்குள் நுழைகிறவர்கள் முதலில் ஒரு செப்புப் பட்டையைத் தொட வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், சத்தமாகப் பேசக் கூடாது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அந்த ரூம் பிடித்துப்போய்விட்டது. நான்கே வருடம். மில்லில் மேஜைமேல் வைக்கிற புதுக் கம்ப்யூட்டர்களை வாங்கினார்கள், பழையதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியவர் அவர்தான். மெஷின் கோடவுனுக்குப் போனது, அவர் திருப்பூருக்கு வந்து அண்ணன் ரத்தினசாமியோடு காலர் மெஷின் போட்டார்.

இரண்டாயிரமாவது வருடத்துக்குப் பிறகு அந்த மாதிரிப் பழைய மெஷின்கள் பல இடங்களிலிருந்து எடைக்கு வரத் தொடங்கின. காலேஜ், மில், ஆபீஸ் என்று மூலையில் கிடந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் குலதெய்வக் கோயிலுக்கும் காதுகுத்துக்கும் போகும்போது தீனதயாளன் கோயம்புத்தூர்ப் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றினார். முதலில் ஒன்று வந்தது. அடுத்த வருடம் இன்னொன்று. ஷெட்டின் பக்கத்து அறையில் இருந்த நூல் மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு இந்த மெஷின்களைப் போட்டார். இரண்டும் அவருக்குப் பழக்கமில்லாத மெஷின்கள். பிரித்தார், துடைத்தார், பாகம் கிடைக்காமல் பிரித்தபடியே வைத்திருந்தார்.

"காலர் மெஷின் நிக்க வேண்டிய எடத்துல ஓட்ட பீரோவ நிறுத்தி வெச்சிருக்கற" என்றார் ரத்தினசாமி. "அதுல துணியாச்சும் வெக்கலாமா, இல்ல அதுவும் ஆகாதா?"

"எலி இருக்குதுண்ணா. துணி வெக்காதீங்க."

எலி நிஜமாகவே இருந்தது. ஒரு மெஷினின் அடித்தட்டில் காகிதத்தைக் கொறித்துக் கூடு கட்டி இருந்தது. அவர் அதை முறத்தில் வாரி வெளியே போட்டார். உள்ளே செருகியிருந்த சர்க்யூட் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி, சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, நிழலில் காயவைத்தார். அவற்றின் ஓரத்துச் செப்புப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். துடைக்கப் பனியன் வேஸ்ட் கூடாது என்றார். திருப்பூரில் பனியன் வேஸ்டால் துடைக்காத பொருள் எதுவும் இல்லை. ஆனால் அதில் பிசிறு இருக்கிறது. பலமுறை துவைத்து நைந்த மல் வேட்டியைக் கலைமகள் சதுரச் சதுரமாகக் கிழித்து அடுக்கிக் கொடுத்தாள். அந்த அறைக்குள் அவர் சேர்த்துக்கொண்ட துணி அது ஒன்றுதான்.

2005-இல் அவர் வேலை பார்த்த மில்லே கைமாறியது. கோடவுனைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அன்றே கிளம்பினார். மறுநாள் டெம்போவில் தார்ப்பாய் போர்த்தி வந்து இறங்கியது அவர் நிறுத்திவிட்டு வந்த அதே மெஷின். பொன்னுச்சாமியும் இன்னும் நான்கு பேரும் பாரம் தூக்கும் செயின் பிளாக் போட்டு இறக்கினார்கள்.

"இதுக்குப் பேரு என்னண்ணே?" என்று கேட்டான் பொன்னுச்சாமி.

"மினி கம்ப்யூட்டர்."

"இதா மினி?" என்றாள் மூக்கம்மாள். "அப்பப் பெருசு வந்தா ஊரக் காலி பண்ணணும் போலயே."

அன்று சாயங்காலம் தீனதயாளன் கலைமகளை அந்த அறைக்குக் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை. ஒரு பலகையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துணி பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தாள். கடுகைவிடச் சின்னக் கரு வளையங்கள் பாத்தி பாத்தியாக நின்றன. அவற்றுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தலைமுடி போன்ற கம்பிகள் ஓடின. பாவும் ஊடையும்போல இருந்தது.

"இதுதான் மெஷினோட ஞாபகம்" என்றார். "கரண்டு போனாலும் இதுல இருக்கறது போகாது. எத்தன வருசமானாலும் அப்படியே நிக்கும்."

மில்லில் இருந்தபோது அவர் அதில் ஒரு சின்ன விளையாட்டுப் போட்டு வைத்திருந்தாராம். வேலை இல்லாத நேரத்தில் சுவிட்சைத் தட்டித் தட்டி எழுதியது. ஒரு விளக்கு மட்டும் எரியும். அது இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்து வலது ஓரத்துக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். அவ்வளவுதான். கடைசி நாள் மெஷினை நிறுத்தச் சொன்னபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே சாவியைத் திருப்பிவிட்டார். எந்த விளக்கில் நின்றது என்று பார்க்கவில்லை. வெளியே வந்த பிறகுதான் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. அன்றிலிருந்து அது மனசில் கிடக்கிறது.

"கரண்டு குடுத்தா நின்ன எடத்துல இருந்து போகும். அப்படி எழுதியிருந்தேன். உள்ள இருக்கறது அழிஞ்சு போயிருந்தா ஒண்ணும் வராது. புதுசா எழுதிப் போட்டா இடது ஓரத்துலதான் ஆரம்பிக்கும். நடுவுல எங்கியாச்சும் ஆரம்பிச்சா, பழசு அப்படியே இருக்குதுன்னு அர்த்தம்."

"நம்ம காலர் மெஷினாட்டவே போகுமுங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. அப்படித்தான்."

மற்ற மெஷின்களைப்போல இதைச் சோதித்துப் பார்த்து இரண்டாம் தடவை பார்க்க முடியாது என்பதும் அவளுக்கு விளங்கியது. கரண்டு தாறுமாறாக ஏறினால் வளையங்களில் இருப்பது கலைந்துவிடும். கிடைப்பது ஒரே ஒரு தடவை. அதனால் அவர் அவசரப்படவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு பலகையாகப் பார்த்தார். கரண்டைச் சிறுகச் சிறுக ஏற்றிக் கொடுக்கும் டிம்மர்ஸ்டாட் ஒன்றை வாங்கி வைத்தார். கடைசியாக எல்லாவற்றையும் பூட்டி, பக்கவாட்டுத் தகடுகளையும் மாட்டிவிட்டார். கரண்டைத் தேக்கும் பெரிய கண்டன்சர்கள் பழசாகிக் கெட்டிருந்தன, அவற்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அவை தபாலில் வர வேண்டும். தீபாவளி கழித்து ஓட்டலாம் என்று வைத்திருந்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

திருப்பூரில் அந்த இரண்டு நாளுக்கு முன்னாலேயே சத்தம் மாறிவிடும். மெஷின்களை நிறுத்தி, ஏர் பைப்பைப் பிடித்துப் பஞ்சையெல்லாம் ஊதித் தள்ளி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். தீனதயாளன் பக்கத்து அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னார், "ஏர் பைப் இந்தப் பக்கம் வரக் கூடாது. தண்ணி தெளிக்கக் கூடாது. சாம்பிராணி வெளியவே இருக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள், அப்படியே நடந்துகொண்டார்கள். பிரித்துக் கிடந்த இரண்டு மெஷின்களுக்குப் பொட்டு இல்லை. பிரித்துப் போட்ட மெஷினுக்கு யாரும் வைப்பதில்லை. மூன்றாவது முழுசாக நின்றது. அதன் தகட்டின்மேல் மூன்று விரலால் சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தவர் அவரேதான்.

மறுநாள் விஜயதசமி. பூஜை போட்ட மெஷினை அன்று காலை நல்ல நேரத்தில் ஓட்டியாக வேண்டும். ஒரு வரிசை பின்னினாலும் போதும். ஓடாமல் நிற்கக் கூடாது. தீனதயாளனும் அண்ணனும் விடியலிலேயே சிவன்மலைக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். திரும்பும் வழியில் வண்டி நின்றுபோனது. நேரமாகிவிட்டால் நீங்களே ஆரம்பித்துவிடுங்கள் என்று தீனதயாளன் போன் செய்தார்.

கலைமகள் சூடத்தட்டோடு முன்னால் போனாள். பொன்னுச்சாமி ஒவ்வொரு காலர் மெஷினாக சுவிட்சைப் போட்டான். ஒரு வரிசை ஓடியதும் நிறுத்தினான். கடைசி மெஷின் முடிந்ததும் பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுக்கும் பொட்டு வச்சிருக்கு."

"அவர் வரட்டுமே" என்றாள் கலைமகள்.

"நல்ல நேரம் முடியப் போகுதுக்கா. அண்ணே வர்றதுக்குள்ள ராகுகாலமே வந்துரும்."

"பொட்டு வச்சதை இன்னைக்கு ஓட்டாம விட்டா வருசம் பூரா நின்னே போகும்க்கா" என்றாள் மூக்கம்மாள். "எங்க பழைய கம்பெனியில ஒரு ஓவர்லாக் தையல் மெஷின் அப்படித்தான் நின்னுச்சு. கடைசி வரைக்கும் ஓடவே இல்ல. அண்ணே இம்புட்டுப் பாடுபட்டிருக்காரு."

வருடம் பூரா நின்றே போகும் என்றதும் கலைமகள் சூடத்தைப் பார்த்தாள். இரண்டு வருடமாக வேட்டி கிழித்துக் கொடுத்தவள் அவள். இந்த மெஷின் ஓட வேண்டும் என்று அவரை விட்டால் நினைத்திருந்தது அவள்தான். தட்டை ஒரு சுற்றுச் சுற்றித் தலையாட்டினாள்.

பொன்னுச்சாமி தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தான். டிம்மர்ஸ்டாட் இல்லாமல் பிளக்கை நேராகச் சுவரில் மாட்டினான். மஞ்சள் கயிறு கட்டித் தொங்கிய சாவியைத் திருப்பினான். விசிறிகள் இரைந்தன. விளக்குகள் எரிந்தன. பிறகு உள்ளே எதுவோ பட்டாசுபோல வெடித்தது. புகை வந்தது. ஷெட்டில் இருந்த எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். பொன்னுச்சாமி மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தான்.

மதியம் தீனதயாளன் வந்தார். கலைமகள் வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டார், தூணைத் தொட்டார், உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்தார்.

"எம்மேலதான்ணே தப்பு" என்றான் பொன்னுச்சாமி. "பொட்டு வச்ச மெஷினாச்சேன்னு..."

"பொட்டு வெச்சது நானுதானே" என்றார் அவர். பிறகு கேட்டார். "வெளக்கு எப்படி எரிஞ்சுது?"

"எல்லாமே பளிச்சுன்னு எரிஞ்சுச்சுண்ணே. அப்பறம் டப்புன்னு போயிருச்சு."

"நீ பாத்தியா மூக்கம்மா?"

"நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். தொறந்தா பொகைதான் தெரிஞ்சுது."

கலைமகளை அவர் கேட்கவில்லை. கூட்டத்தில் அவள் பேச மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவளே சொன்னாள்.

"எல்லாம் எரியறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் எரிஞ்சுதுங்க."

அவர் கை நின்றது.

"வலது கடைசியில இருந்து மூணாவது. அப்புறம் அதுக்கு இந்தப் பக்கத்து. அப்புறம் அதுக்கும் இந்தப் பக்கத்து. அதுக்கப்புறந்தான் எல்லாம் எரிஞ்சுது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"இல்லாதத எதுக்குங்க சொல்றேன்?"

"என்னையத் தேத்தறதுக்குச் சொல்ற."

"உங்களத் தேத்தோணும்னா நல்லா ஓடுச்சுன்னு சொல்லியிருப்பனே. மூணு வெளக்குன்னு எதுக்குச் சொல்றேன்?"

"கரண்டு எகிறுனா வெளக்கு எப்படி வேணாலும் எரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் கேட்டார். அவள் மோர் ஊற்றினாள்.

கண்டன்சர்கள் வந்த பிறகு மறுபடி வேலை ஆரம்பித்தது. கருகிய பகுதியை வெட்டி எடுத்தார். அடுத்த வருடம் கரண்ட் கட் அதிகமாக இருந்தது; எந்த நேரத்தில் போகும் என்று தெரியாது. கரண்ட் இருக்கும் நேரம் காலர் மெஷினுக்கே போதவில்லை. அவர் இன்வெர்ட்டர் வெளிச்சத்தில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ரத்தினசாமி வாசலில் நின்று, "சாமியே ஒரு தடவ சொல்லிப் போட்டாரு. உனக்குத்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இந்த மாதங்களில் தீனதயாளன் அவ்வப்போது, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் கேட்பார்.

"எந்தப் பக்கமாப் போச்சுன்ன?"

"இடப்பக்கமா."

பிறகு ஒரு நாள், பால் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கையில், "நாலாவதுல இருந்துதானே?" என்றார்.

"மூணாவதுங்க."

அவர் சோதித்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. சந்தேகமான காலரை அவளும் அடுத்த டியூப்லைட்டுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை விரித்துப் பார்ப்பவள்தான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிம்மர்ஸ்டாட்டை மெல்லத் திருகிக் கரண்டை ஏற்றினார். இந்த முறை வெடிக்கவில்லை. சுவிட்சுகளைத் தட்டி மெஷினின் ஞாபகத்தில் இருந்ததை ஒவ்வொரு இடமாகப் படித்தார். கலைமகள் வாசலில் நின்றாள். வெகுநேரம் படித்தார்.

"கலைஞ்சு போச்சு" என்றார். "அங்க ஒண்ணும் இங்க ஒண்ணும் நிக்குது. மத்ததெல்லாம் குப்பை. முன்னாடியே குப்பையா இருந்துதா, அன்னிக்குத்தான் ஆச்சான்னு இதுல இருந்து கண்டுபிடிக்க முடியாது."

"சரிங்க" என்றாள் அவள்.

எந்த விளக்கில் நின்றது என்பதற்கு அதன் பிறகு மெஷினில் சாட்சி இல்லை. ஒருத்தியின் கண்தான் இருந்தது.

அந்த வருடம் விஜயதசமிக்கு அவர் எங்கும் போகவில்லை. காலர் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஒரு வரிசை ஓடி நின்றன. பக்கத்து அறை வாசலில் பொன்னுச்சாமி நகராமல் நின்றான்.

"வா பொன்னுச்சாமி. சாவியத் திருப்பு."

"வேணாம்ணே. ஒரு தடவ பட்டது போதும்."

"நீதான் திருப்போணும். பொட்டு வெச்சிருக்குதல்ல."

பொன்னுச்சாமி தூணைத் தொட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். திருப்பிய கையோடு பின்னால் குதித்தான். விசிறி இரைந்தது. ஒரு விளக்கு எரிந்தது. அது அணைந்து பக்கத்து விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றாக ஓரத்துக்குப் போய்த் திரும்பியது.

"இம்புட்டுத்தானா?" என்றாள் மூக்கம்மாள். "இதுக்கா அன்னைக்கு அந்த வெடி வெடிச்சுச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். தீனதயாளனும் சிரித்தார். கலைமகள் சூடத்தட்டைப் பிடித்தபடி விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாபகம் கலைந்துபோனதால் அவர் முழுதும் புதுசாக எழுதியிருக்க வேண்டும். புதுசாக எழுதினால் இடது ஓரத்தில் ஆரம்பிக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் முதலில் எரிந்த விளக்கு வலது கடைசியிலிருந்து மூன்றாவது. அங்கிருந்து அது இடப்பக்கமாகத்தான் போனது.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மல் துணியால் தகட்டின் ஓரத்தில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ரத்தினசாமி தனியாக யூனிட் போட்டுவிட்டார். மங்கலம் ரோட்டு ஷெட்டில் பழைய காலர் மெஷின்களில் பாதிதான் இருக்கின்றன. பொன்னுச்சாமியும் மூக்கம்மாளும் இருக்கிறார்கள். கலைமகள் இன்னும் அதே டியூப்லைட்டுக்குக் கீழேதான் உட்காருகிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். மில்லிலிருந்து வந்த மெஷின் வருடத்தில் ஒரு நாள், விஜயதசமி அன்று ஓடுகிறது. சாவியைப் பொன்னுச்சாமி திருப்புகிறான், விளக்கு வலது கடைசியிலிருந்து மூன்றாவதில் ஆரம்பிக்கிறது. மற்ற இரண்டு மெஷின்களும் பிரித்தபடியே கிடக்கின்றன. அவற்றுக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லை.